மக்கும் என்றால்... எங்கே மக்கும்?

ஒரு கப்பிலோ கவரிலோ "இது மக்கும்" என்று அச்சடித்திருந்தால் நமக்கு மனசு உடனே லேசாகி விடுகிறது. பக்கத்தில் பச்சையாக ஒரு இலைப் படமும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், தூக்கிப் போடும்போது குற்ற உணர்ச்சியே வருவதில்லை. என் கட்சி இதுதான்: "மக்கும்" என்பது பாதி வாக்கியம். எங்கே, எத்தனை நாளில், எவ்வளவு சூட்டில் என்று மீதிப் பாதியையும் சொல்லாத வரைக்கும் அந்த இலைப் படத்துக்கு ஐந்து பைசா மதிப்பு கிடையாது.

முதலில் கொஞ்சம் கெமிஸ்ட்ரி. (பயப்பட வேண்டாம், பரீட்சை வைக்க மாட்டேன்.)

மக்கும் பிளாஸ்டிக் என்று விற்கப்படும் கப், ஸ்பூன், மூடி பலவும் பி.எல்.ஏ. என்கிற பாலி லாக்டிக் அமிலத்தால் ஆனவை. மக்காச்சோளத்திலிருந்தோ கரும்பிலிருந்தோ சர்க்கரை எடுத்து, புளிக்க வைத்து, லாக்டிக் அமிலம் ஆக்குகிறார்கள். நம் வீட்டுத் தயிர் புளிப்பதும் இதே அமிலத்தால்தான். அந்த மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோர்த்தால் பி.எல்.ஏ. ரெடி. கச்சா எண்ணெயிலிருந்து பிளாஸ்டிக் செய்வதற்குப் பதிலாகச் செடியிலிருந்து செய்வது. நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த நீளச் சங்கிலியை நுண்ணுயிர்களால் அப்படியே தின்ன முடியாது. முதலில் ஈரமும் வெப்பமும் சேர்ந்து அதைக் குட்டிக் குட்டித் துண்டுகளாக வெட்டித் தர வேண்டும். அது மளமளவென்று நடக்க சுமார் 58 டிகிரி செல்சியஸ் சூடு வாரக் கணக்கில் நீடிக்க வேண்டும். பெரிய உர ஆலைகளில், காற்றும் ஈரமும் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் குவியல்களில் அந்தச் சூடு கிடைக்கும். தெருவோரத்திலும் சாக்கடையிலும் கிடைக்காது. கத்திரி வெயிலிலும் நம்ம ஊரில் காற்று அவ்வளவு சூடாவதில்லை.

சான்றிதழ் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. இந்தியாவில் உரமாகும் பிளாஸ்டிக் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 என்ற தரத்தை எட்ட வேண்டும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும் வேண்டும். 84 நாளில் பொருள் துண்டு துண்டாகிவிட வேண்டும், 180 நாளுக்குள் அதிலுள்ள கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும் என்பது கணக்கு. கறாரான பரீட்சைதான். ஆனால் அதை நடத்துவதும் உர ஆலையின் அதே 58 டிகிரி சூட்டில்தான்! கப் பரீட்சை எழுதியது உர ஆலையில், போஸ்டிங் கிடைத்ததோ குப்பைமேட்டில்.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வகைப் பைகளை மண்ணில் புதைத்தும், கடல் நீரில் போட்டும், வெளிக்காற்றில் தொங்கவிட்டும் 3 வருடம் கவனித்து, 2019-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். "சிதையும்" என்று எழுதியிருந்த பை 3 வருடம் மண்ணில் கிடந்த பிறகும் சாமான் சுமக்கும் அளவுக்குத் திடமாக இருந்தது. "உரமாகும்" என்று போட்டிருந்த பை கடலில் 3 மாதத்துக்குள் காணாமல் போனது. அதே பை மண்ணில் 27 மாதம் கழித்தும் இருந்தது (எடை தாங்கவில்லை, அவ்வளவுதான்). ஒரே பை, இரண்டு இடம், இரண்டு தலையெழுத்து.

இதில் நம் மொழியும் கொஞ்சம் குழப்பம் செய்கிறது. சட்டத்தில் "உரமாகும் பிளாஸ்டிக்" வேறு, "உயிரியல் முறையில் சிதையும் பிளாஸ்டிக்" வேறு. முதலாவதற்கு உர ஆலை வேண்டும். இரண்டாவது, 2024 மார்ச்சில் வந்த திருத்தத்தின்படி, நுண்பிளாஸ்டிக் எதையும் மிச்சம் வைக்காமல் சிதைய வேண்டும். நாம் இரண்டையும் "மக்கும்" என்ற ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டி விடுகிறோம். கம்பெனிகளுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

சரி, இந்தப் பொருட்களைச் செய்கிறவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லி விடுகிறேன். பேக்கிங் என்பது லேசுப்பட்ட வேலை இல்லை. சாப்பிடும் வரை அது சிதையக் கூடாது, சாப்பிட்டு முடித்ததும் சிதைய வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வரம்! சிப்ஸ் பாக்கெட் காற்றையும் ஈரத்தையும் உள்ளே விடக்கூடாது என்பதற்காகத்தான் பல அடுக்கு வைத்துச் செய்கிறார்கள். 2010-ல் அமெரிக்காவில் ஃபிரிட்டோ-லே நிறுவனம் தன் சன்சிப்ஸுக்கு பி.எல்.ஏ.வால் ஆன உரமாகும் பாக்கெட் கொண்டு வந்தது. சாதாரண அறை வெப்பத்தில் பி.எல்.ஏ. விறைப்பாக இருக்கும் என்பதால், தொட்டாலே பாக்கெட் படபடவென்று கத்தியது. 95 டெசிபெல் வரை அளந்தார்கள்! ஜனங்கள் கிண்டல் செய்தே தீர்த்தார்கள். அதே வருடம் அக்டோபரில் பெரும்பாலான ரகங்களுக்கு அங்கே பழைய பாக்கெட்டே திரும்பி வந்தது. அடுத்த வருடம் சத்தம் குறைந்த பாக்கெட் செய்தார்கள் என்பது வேறு கதை.

"எப்படியும் சாதா பிளாஸ்டிக்குக்கு இது பரவாயில்லையே?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எப்போதும் இல்லை. காரணங்கள்:

1. பி.எல்.ஏ. கப்பும் பெட் பிளாஸ்டிக் கப்பும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். குப்பை பொறுக்குபவர் கண்ணால் பிரிக்க முடியாது. இது அதில் கலந்தால் பெட் மறுசுழற்சி கெடும்.

2. பேப்பர், ஸ்டார்ச் போன்றவை குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும். 100 வருடக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவை விட சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது.

3. இதுதான் எனக்குப் பெரிய கவலை. "மக்கும்" என்ற சொல் தூக்கி எறிய லைசென்ஸ் கொடுத்து விடுகிறது. எங்கள் கல்லூரி விழாவில் இலைப் படம் போட்ட கப்களை "பசுமை விழா" என்று மைக்கில் அறிவித்து அறிவித்துக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் அத்தனையும் சாப்பாட்டு மிச்சம், தெர்மோகோல், மாலை எல்லாவற்றோடும் சேர்ந்து ஒரே லாரியில் ஏறியது. எந்த உர ஆலைக்குப் போகிறது என்று கேட்டேன். கேள்வியே யாருக்கும் புரியவில்லை.

அப்படியென்றால் உரமாகும் பிளாஸ்டிக்கே வேண்டாமா? வேண்டும், இடம் பார்த்து. இத்தாலியின் மிலன் நகரில் 2012-ல் தொடங்கி 2014-க்குள் ஊர் முழுக்க சமையலறைக் கழிவைத் தனியாக வாங்க ஆரம்பித்தார்கள், உரமாகும் பைகளில். பையும் உள்ளே இருக்கும் கழிவும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான், பிரிக்கும் வேலையே இல்லை. அங்கே வண்டியும் ஆலையும் இருக்கின்றன, அதனால் பைக்கு அர்த்தம் இருக்கிறது. நாமோ பையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் தானாக வரும் என்று காத்திருக்கிறோம்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு. பேப்பர் என்று பெயர் இருந்தால் போதாது என்று அப்போதே சட்டம் சொல்லி விட்டது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை வந்தது. தடை நல்லது. ஆனால் ஒரு தூக்கி எறியும் பொருளுக்குப் பதில் இன்னொரு தூக்கி எறியும் பொருளை வைத்தால் குப்பையின் பெயர் மட்டும்தான் மாறும்.

உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் எவர்சில்வர் தட்டு, கண்ணாடி டம்ளர். டீக்கடை கிளாஸுக்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை, கழுவினால் போதும். கழுவ வசதி இல்லாத கூட்டத்துக்கு வாழை இலை, மந்தாரை இலை, தொன்னை. அவற்றுக்கு 58 டிகிரி வேண்டாம், சாதாரண எருக்குழி போதும் (அதற்கு முன்பே மாடு வந்து முடித்துவிட்டால் இன்னும் நல்லது). இரண்டும் முடியாத இடத்தில் மட்டும் உரமாகும் பிளாஸ்டிக், அதுவும் எந்த ஆலைக்குப் போகிறது என்று தெரிந்த பிறகு. அரசாங்கமும் "மக்கும்" என்று மொட்டையாக அச்சடிக்க விடாமல், வீட்டு எருக்குழியிலா, ஆலையிலா என்று தமிழில் பெரிய எழுத்தில் போடச் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை யாராவது "இது மக்கும் கப்" என்று நீட்டினால், "குடித்த பிறகு எங்கே அனுப்புவீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வந்தால் சந்தோஷமாக வாங்கிக் குடியுங்கள். பதில் வராவிட்டால் மறுநாள் வீட்டிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு போங்கள். கிண்டல் பண்ணுவார்கள், பண்ணட்டும்.