குறிப்பிடப்படாததா? அவ குறிப்பிட்டுத்தானே சொன்னவ!

திருகோணமலை துறைமுகப் பக்கம் எங்கட மாமி ஒருவர் இருக்கிறா. 2008இல் மகன் காணாமல் ஆக்கப்பட்டான். ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்டில் ‘எஃப்39’ என்று கிடந்தது. தேடினேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய்ப் பட்டியலில் அதன் பொருள் ‘குறிப்பிடப்படாத மனநிலைக் கோளாறு’.

நியாயமாய்க் கதைப்போம். முதல் நாள், பத்து நிமிசத்தில், ஒரு வைத்தியர் ‘இன்னும் உறுதியில்லை’ என்று எழுதுவது நேர்மை. பிழையான பெயரை ஒட்டுவதைவிட அது மேல். ஆனால் வருசக்கணக்காக அதே குறியீடு, அதே குளிசை என்றால் அதுக்குப் பேர் அலட்சியம்.

அதே ஐசிடி-10இல் இசெட்63.4 இருக்கு: குடும்பத்தவர் காணாமற்போதல் அல்லது இறப்பு. இசெட்65.5 இருக்கு: பேரழிவு, போருக்கு ஆளாகுதல். நோய்க் குறியீட்டோடு சேர்த்து இவற்றையும் எழுத இடமிருக்கு. போரையும் 2004 சுனாமியையும் கண்ட இந்தக் கரையில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது? எழுதாத காரணம் கணக்கில் வராது. கணக்கில் வராததுக்கு உளவளத்துணையாளரைக் கேட்டு வாங்கவும் ஏலாது.

2022இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11இலும் ‘குறிப்பிடப்படாத’ பெட்டி உண்டு. புத்தகம் மாறினால் மட்டும் போதாது, கேட்கிற காது வேணும்.

எல்லார் துக்கத்துக்கும் போர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சொன்னதை எழுதுங்கோ என்கிறேன். அடுத்தமுறை அம்மாவையோ மாமியையோ கிளினிக்குக்குக் கூட்டிப்போனால் கேளுங்கோ: “டொக்டர், இந்தக் குறியீட்டைத் திரும்ப எப்ப பார்ப்பீங்கள்? மகனைப் பற்றியும் எழுதுவீங்களா?”

கேட்கிறது மரியாதைக் குறைவில்லை.