கடல் காற்றும் காவலாளியின் துப்பாக்கியும்

வடசென்னையில் வேட்டைத் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் அதைத் திருத்திய பிறகு பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வேட்டைக்கென்று உருவான அதே 12 போர் துப்பாக்கியும் .315 ரைஃபிளும் இன்று வங்கி வாசலில், பணம் கொண்டுபோகும் வேனில் காவல் நிற்கின்றன. பிடித்திருப்பவர் பெரும்பாலும் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பலருக்கு அது சொந்தத் துப்பாக்கி, சொந்த லைசென்ஸ்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அடிப்பது உப்புக் காற்று. குழல் துருப்பிடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், எண்ணெய் போடுகிறார்கள். தோளில் வைக்கும் மரக்கட்டையை யாரும் கண்டுகொள்வதில்லை. மரம் ஐப்பசி மழையில் ஈரம் குடித்து உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். இப்படியே சில வருடம் போனால் இரும்புக்கும் மரத்துக்கும் உள்ள பிடிப்பு தளர்ந்து திருகு ஆடும். சுடும்போது வரும் உதை ஒரே இடத்தில் இறங்கி, கை பிடிக்கும் மெல்லிய பகுதியில் கீறல் விடும். உப்பிய கட்டை குழலை நெருக்கினால் ரைஃபிளில் குண்டு விழும் இடமே மாறும். மாதம் பிறந்ததும் பென்ஷன் வாங்க வரும் கூட்டத்துக்கு நடுவே நிற்கிற துப்பாக்கி இது!

மரமா, செயற்கைக் கட்டையா? காசிமேட்டுக்காரர்களுக்கு இந்தக் கேள்வி பழசு. கட்டுமரத்தைத் தினமும் கரையேற்றிக் காயவைக்க வேண்டும். ஃபைபர் படகுக்கு அந்தப் பாடு இல்லை, மீனவர்கள் அதற்கு மாறிவிட்டார்கள். துப்பாக்கியிலும் இது புதுசு அல்ல. அமெரிக்காவின் ரெமிங்டன் 1959-லேயே நைலான் கட்டை வைத்த 'நைலான் 66' ரைஃபிளைக் கொண்டுவந்து, பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

ஆனால் பிளாஸ்டிக் என்றாலே உறுதி என்று நம்பிவிடக் கூடாது. 1999 கார்கில் போரில் இன்சாஸ் ரைஃபிளின் பிளாஸ்டிக் மேகசின் குளிரில் விரிசல் விட்டதாகப் புகார் எழுந்தது. இங்கே குளிர் இல்லை, வெயில்தான் எதிரி. உள்ளே வெற்றாக இருக்கும் மலிவான வார்ப்புக் கட்டையை அழுத்தினால் வளையும். அதைவிட மரமே மேல். கண்ணாடி இழை கலந்த நைலான், அல்லது கையால் அடுக்கடுக்காகப் போட்ட ஃபைபர் கட்டை, அதிலும் திருகு இறங்கும் இடத்தில் அலுமினியக் குழாய் பதித்தது என்றால் நம்பி வாங்கலாம். உரிமம் உள்ள துப்பாக்கிக் கடையில்தான் பொருத்த வேண்டும்.

இன்னொன்று... கட்டை மாறியதும் எண்ணெய்த் துணியைத் தூக்கி எறியக் கூடாது. கட்டைக்கும் குழலுக்கும் நடுவே தேங்கும் ஈரம் வெளியே தெரியாது. கழற்றித் துடைத்தால்தான் உண்டு.

செலவு யாருடையது? துப்பாக்கி காவலாளியுடையது என்பதால் பராமரிப்பும் அவர் தலையில் என்கிற வழக்கம் அநியாயம். குறைந்த சம்பளத்தில் எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் நிற்பவர், கீறல் விட்ட கட்டையில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டு சமாளிக்கத்தான் பார்ப்பார். அந்தத் துப்பாக்கியால் பாதுகாப்புப் பெறுவது வங்கி. காவலுக்கு ஆள் எடுக்கும் ஒப்பந்தத்திலேயே கட்டைக்கும் வருடாந்தரப் பரிசோதனைக்கும் ஒரு தொகையை அது சேர்த்துவிடலாம்.