இரை இருந்தால்தான் மீன்

ஏப்ரலில் மிச்சிகன் ஏரியின் கரையோரத் தண்ணீர்தான் முதலில் வெதுவெதுப்பாகும். சிறுமீன்கள் அங்கே ஒதுங்க, அவற்றைத் தேடிக் கோஹோ சால்மனும் பழுப்பு டிரவுட்டும் வரும். மீன்பிடிப்போர் படகை மெல்ல ஓட்டி, தூண்டில்களைப் பின்னால் இழுத்துப் போவார்கள். வளைந்து நிற்கும் கோல் சட்டென்று துடிக்கும். கைப்பிடிச் சக்கரம் கிரீச்சிடும். அந்தச் சந்தோஷம் இயற்கை தந்ததல்ல. எல்லை மீறிப் பெருகிய அலைவைஃப் மீனைத் தின்னவும், தூண்டில்காரர்களுக்கு வேட்டை தரவும் 1966இல் மனிதர் கொண்டுவந்து விட்டதுதான் கோஹோ. பக்கத்து ஹியூரான் ஏரியில் 2000களின் தொடக்கத்தில் அலைவைஃப் ஏறக்குறைய அழிந்ததும், அதையே நம்பியிருந்த சினூக் சால்மனும் சரிந்தது. இரையில்லாத தண்ணீரில் சால்மன் குஞ்சுகளைக் கொட்டி என்ன பயன்? அதனால் மிச்சிகன் ஏரியில் குஞ்சு விடுவதை அரசு குறைத்தால் மீன்பிடிப்போர் கோபப்படக் கூடாது. அடுத்த வசந்தத்துக்கும் மீன் வேண்டுமென்றால், இன்று கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.