அண்டங்காக்கைக்கு விஷம் வைக்கலாமா?

வீட்டுக் காக்கைக்குக் கழுத்து சாம்பல் நிறம். அண்டங்காக்கையோ உடம்பெல்லாம் கன்னங்கரேல். அலகும் நல்ல தடிமன். நம்ம கோவைப் பக்கம் தோட்டங்களிலும் மலையடிவாரத்திலும் பார்க்கலாம். தை, மாசி வாக்கில் உயரமான மரத்தில் சுள்ளி அடுக்கிக் கூடு கட்டும். உள்ளே நாரும் முடியும்தான் மெத்தை! பழுப்புப் புள்ளி போட்ட நீலப்பச்சை முட்டைகள் 3 முதல் 5 வரை இடும். அதிலே குயிலும் நைசாக முட்டையிட்டுப் போவதுண்டு.

கோழிக்குஞ்சைத் தூக்குகிறதே என்று கோபமா? பஞ்சாரம் போட்டு மூடி வையுங்கள். செத்ததைத் தின்று தெருவைச் சுத்தம் செய்வதும் இதுதானே! ஆகவே சகோதரிகளே, எலி மருந்து தின்று செத்த எலியை வெளியே வீசாதீங்க, ஆழமாகப் புதைத்துவிடுங்கள். அதைத் தின்றால் காக்கைக்கும் விஷம் ஏறும். கூட்டிலே குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்குமே!