விதைநெல்லுக்குத் தனியிடம்

கணினியிலுள்ள குடும்பப் படங்களுக்குக் காப்புப் பிரதி எடுக்கும் மென்பொருளை நிறுவிவிட்டோம். இனிக் கவலை இல்லையன்றோ என நேயர் சிலர் நம்மை வினவியுள்ளனர். கவலை அப்பொழுதுதான் தொடங்குகிறது என்பதே நம் விடை. பிரதி எடுப்பது எளிது. பிரதி வாழும் இடத்தைப் பேணுவதே அரிது.

நம் ஊர்ப்பக்கத்து உழவர் உண்ணும் நெல்லைப் பத்தாயத்தில் கொட்டுவர். விதைநெல்லை வைக்கோலால் கோட்டை கட்டித் தனியே வைப்பர். வட்டில் பிரதி எடுக்கும் மென்பொருள் சில இவ்வாறே செய்கின்றன. வட்டின் பொதுச் சேமிப்பிலிருந்து இரு பகுதிகளை ஒதுக்குகின்றன. அவற்றைத் தொகுதிகள் என்போம். முதல் தொகுதியில் நம் கோப்புகளின் இன்றைய பிரதி இருக்கும். இரண்டாவதில் கடந்த நாட்களில் மாறியவை மட்டும் நாள்வாரியாக அடுக்கப்படும். ஒரு படத்தை நாம் தவறி அழித்தால், அடுத்த முறை பிரதி எடுக்கும்போது முதல் தொகுதியிலும் அது அழிந்துபோகும். நேற்றைய நிலையை மீட்டுத் தருவது இரண்டாவது தொகுதியே. விதைநெல் அதுதான்.

அதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு நாளில் மாறுவதன் அளவை, வைத்திருக்க விரும்பும் நாட்களால் பெருக்குக. 500 ஜிகாபைட் படங்கள் உள்ள இல்லத்தில் நாளொன்றுக்கு 4 ஜிகாபைட் மாறினால், 30 நாட்களுக்கு 120 ஜிகாபைட் தேவை. எச்சரிக்கையாக 200 ஒதுக்கலாம். ஆனால் பொங்கல் விழாவின் காணொளிகளைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும் வாரத்தில் நாளொன்றுக்கு 40 ஜிகாபைட் மாறினால், அந்த 200 ஐந்தே நாட்களில் நிரம்பிவிடும்!

இஃது ஏட்டுக் கணக்கு அன்று. நம் சங்க நூலகத்திலேயே நிகழ்ந்தது. பழைய நாடக விழாப் படங்களை வட்டில் ஏற்றி, படங்களில் உள்ளோர் இன்னார் இன்னார் என்று மூத்த அன்பர் ஒருவர் சொல்லச் சொல்ல எழுதி வந்தோம். அவ்வேளையில் விழாக் காணொளிகளும் அதே தொகுதியில் சேர்ந்தன. இடம் நிரம்பியது, பிரதி எடுப்பது நின்றது. மென்பொருள் சிவப்புக் குறியிட்டு எச்சரித்தது. மூன்று வாரம் அதனை நாம் திறந்தே பார்க்கவில்லை. பின்னர் ஒரு நாள், பெயர்கள் எழுதிய கோப்பின்மேல் வேறொரு கோப்பு தவறாகச் சேமிக்கப்பட்டது. மீட்க முனைந்தபொழுது கிடைத்தது மூன்று வாரப் பழமையான பிரதியே. பெரியவர் சலிக்காமல் மீண்டும் வந்து அமர்ந்தார். ஆயினும் முன்பு அவர் சொன்ன பெயர்களுள் நான்கு இம்முறை அவர் நினைவுக்கு வரவில்லை. அந்நால்வரும் பெயரின்றியே இன்னும் படத்தில் நிற்கின்றனர்.

தொகுதி நிரம்பினால் செய்யத்தக்கவை மூன்று. பொதுச் சேமிப்பில் எஞ்சிய இடத்தைச் சேர்த்து விரிக்கலாம். வைத்திருக்கும் நாட்களைக் குறைக்கலாம். ஆனால் குறைத்த நாட்களின் பிரதிகள் அழிந்துபோகும் என்பதை அறிந்தே குறைக்க வேண்டும். இனி மாறாத காணொளிகளை வேறொரு வட்டுக்கு அனுப்பிவிடலாம். இதுவே சாலச் சிறந்தது. தொடக்கத்திலேயே முழு வட்டையும் பங்கிட்டுவிடுதல் நன்றன்று. தொகுதியை விரிப்பது எளிது, சுருக்குவது கடினம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் டேட்டா புரொடெக்‌ஷன் மேனேஜர் என்னும் மென்பொருள், 2010ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் தேவைக்கேற்பத் தொகுதியைத் தானே விரித்துக்கொள்கிறது. ஆயினும் தொகுதி விரியலாம், வட்டு விரியாதே!

முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதன் தேவைக்கு நம் நகரிலேயே சான்று உண்டு. யாதவபூர்ப் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட 'பிசித்ரா' என்னும் இணையத் தொகுப்பில், தாகூரின் கையெழுத்துப் பக்கங்கள் 47,000க்கு மேலும் அச்சுப் பக்கங்கள் 91,000க்கு மேலும் உள்ளன. பக்கத்துக்கு 20 மெகாபைட் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு பிரதிக்கே ஏறத்தாழ 2.8 டெராபைட் வேண்டும். நம் இல்லத்துப் பணி சிறியதாயினும் கணக்கு இதுவே.

இடத்தின் அளவு போலவே இடம் அமைந்த ஊரும் கருதத்தக்கது. 2020 மே 20ஆம் நாள் ஆம்பன் புயல் வீசியபொழுது கல்லூரித் தெருவில் நூல்கள் வெள்ளத்தில் மிதந்ததைக் கண்டோம். கணினியும் காப்பு வட்டும் ஒரே தரைத்தள அறையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். ஆதலின் மற்றொரு பிரதியைச் சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள மகன் மகள் இல்லத்தில் வைத்தல் நலம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இவ்விதழ் இல்லம் வந்து சேரும் நாளை ஒவ்வொரு மாதமும் அடையாளமாகக் கொள்க. அன்று மென்பொருளைத் திறந்து, எஞ்சிய இடம் எவ்வளவு என்று நோக்குக. பழைய படம் ஒன்றை மீட்டுத் திறந்து பார்க்க. கால் மணி நேரம் போதும். வீட்டில் பெரியவர்கள் இருப்பின் அவர்களையும் அருகில் அமர்த்தி, படத்தில் இருப்பவர் யாரெனக் கேட்டு எழுதி வைக்க. கோப்பு அழிந்தால் பிரதி தரலாம். மறந்த பெயரை எந்த வட்டும் தாராது.