காளானுக்கு எதற்கு மயோனைஸ்?

சாலட் என்றதுமே மயோனைஸ் பாட்டிலைத் தேடி ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். வீட்டில் எலுமிச்சம்பழமும் நல்லெண்ணெயும் இல்லையா என்ன? மூன்று ஸ்பூன் எண்ணெய்க்கு ஒரு ஸ்பூன் சாறு, கால் ஸ்பூன் அரைத்த கடுகு, கொஞ்சம் தேன், இடித்த மிளகு. மூடி போட்ட பழைய ஜாம் பாட்டிலில் ஊற்றிக் குலுக்குங்கள். மஞ்சளாய், கொழகொழவென்று திரண்டு வரும். எண்ணெயும் சாறும் சட்டென்று பிரிந்துவிடாமல் பிடித்து வைப்பது அந்தக் கடுகுதான். (செக்கு நல்லெண்ணெயின் வாசனை தூக்கலாகத் தெரிந்தால் பாதிக்குக் கடலை எண்ணெய் சேர்க்கலாம், எனக்கு அந்த வாசனைதான் வேண்டும்.)

சாலட்டில் காளானைப் பச்சையாகவே போடச் சொல்லும் குறிப்புகள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. பச்சை மொட்டுக் காளானில் அகாரிடின் என்றொரு வேண்டாத பொருள் இருக்கிறது. சூடு பட்டால் அது குறையும். ருசியும் வதக்கினால்தான் வரும். 200 கிராம் பாக்கெட் காளானில் 180 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். அகலமான இரும்புச் சட்டியைக் காயவைத்து, பெரிய தீயில், நெருக்கியடிக்காமல் பரப்பினால் தண்ணீர் வற்றி ஓரம் சிவக்கும். குவித்துப் போட்டால் வேகும், சிவக்காது. உப்பு கடைசியில். சூடு ஆறுவதற்குள் குலுக்கி வைத்ததை ஊற்றி, சின்ன வெங்காயமும் மல்லித்தழையும் தூவி, உடனே சாப்பிட்டுவிடுங்கள். நாளைக்கு என்று எடுத்து வைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.