பெயர் பெயராகப் பேசும் குழு வேண்டும்

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளிக்கு வருவது நிற்கிறது. வகுப்பாசிரியர் இரண்டு முறை கைப்பேசியில் அழைத்துப் பார்க்கிறார். எண் அணைந்து கிடக்கிறது. சில வாரங்களில் அவள் பெயர், கல்வித் துறையின் மாணவர் தரவுத்தளமான எமிஸில், எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களுக்கான பொதுத் தொகுப்புக்குப் போய்விடுகிறது. அவளுடைய தாய் படுத்த படுக்கையாகக் கிடப்பது கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரியும். தம்பியைக் கொண்டுவந்து விடுவது இப்போதெல்லாம் அவள்தான் என்பதை அங்கன்வாடிப் பணியாளர் நாள்தோறும் பார்க்கிறார். தந்தை குடித்துவிட்டு அடித்ததாக வந்த புகாரைக் காவல் நிலையம் எழுதி வாங்கி, எச்சரித்து அனுப்பியிருக்கிறது. நால்வரும் அறிந்ததை ஒன்றாக வைத்துப் பார்க்க ஆளில்லை. கோடை விடுமுறையில் சொந்தத்தில் ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். கர்ப்பத்தைப் பதிந்து, கர்ப்பிணிகளுக்கான பிக்மி பதிவு எண் வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும்போதுதான் வயது வெளியே வருகிறது. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி அங்கிருந்து தகவல் போயாக வேண்டும். அதன்பிறகு எல்லாத் துறைகளும் ஒரே நாளில் அவள் வீட்டு வாசலில் நிற்கின்றன.

இது ஏதோ ஓர் ஊரின் கதை அல்ல. தமிழகத்தின் எந்த மாவட்டத்திலும் களப்பணியாளர்களிடம் பேசினால் இதன் சாயலில் ஒன்றைச் சொல்வார்கள். அவரவர் வேலையை அவரவர் செய்தும் அந்தப் பெண் கைவிடப்பட்டாள் என்பதுதான் நம்மை உறுத்த வேண்டும்.

குழந்தைகளுக்கான பணிகளை வயதாகவும் துறையாகவும் கூறு போட்டு வைத்திருக்கிறோம். ஆறு வயது வரை அங்கன்வாடி. ஆறு முதல் 14 வரை கட்டாயக் கல்விச் சட்டத்தின் பாதுகாப்பு. 14 முடிந்ததும் அந்தக் கட்டாயம் விலகுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டமோ 2016 திருத்தத்துக்குப் பிறகும் 14 வயதைக் கடந்தவர்களை ஆபத்தில்லாத தொழில்களில் சேர அனுமதிக்கிறது. படிப்பு நிற்பதும், மில்லுக்கு அனுப்பப்படுவதும், திருமணம் பேசப்படுவதும் 14க்கும் 18க்கும் நடுவிலான இந்த நான்கு வருட இடைவெளியில்தான். அந்த வயதுப் பிள்ளையைத் தேடிப் போக வேண்டியது பள்ளிக் கல்வித் துறையா, சமூக நலத் துறையா, தொழிலாளர் துறையா? மூன்றுக்கும் பொறுப்பு உண்டு. அதனாலேயே முதலில் போகிறவர் யாருமில்லை.

குழுக்கள்தான் ஏற்கெனவே இருக்கின்றனவே என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். உண்மைதான். 2009இல் வந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் ஊராட்சி, ஒன்றிய, மாவட்ட அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்களை அமைக்கச் சொன்னது. இப்போதைய மிஷன் வாத்சல்யாவிலும் அவை தொடர்கின்றன. ஊராட்சித் தலைவர், ஆசிரியர், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், குழந்தைகளின் பிரதிநிதிகள் என்று உறுப்பினர் பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பல இடங்களில் கூட்டம் என்றால் பதாகை, குழந்தைகள் உதவி எண் 1098 பற்றி ஓர் உரை, உறுதிமொழி, புகைப்படம், தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்து. ‘குழந்தைத் திருமணத்தைத் தடுப்போம்’ என்று தீர்மானம் போடும் அதே கூட்டத்தில், மூன்றாவது தெருவில் எந்தப் பிள்ளைக்குப் பேச்சு நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 சனவரியில் முடிந்து, தனி அலுவலர்களிடம் நிர்வாகம் போனது. பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கும் ஓர் அலுவலர் அத்தனை ஊர்க் குழுக்களுக்கும் எப்படி உயிர் கொடுப்பார்?

இங்கிலாந்து பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் ஒன்று இங்கே உதவும். 2000 பிப்ரவரியில் லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, பாதுகாவலர்களின் சித்திரவதையால் இறந்தாள். உடலில் 128 காயங்கள். இரண்டு மருத்துவமனைகள், நான்கு உள்ளாட்சிகளின் சமூகநலப் பிரிவுகள், காவல் துறையின் இரண்டு குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவுகள் அவளை அறிந்திருந்தன. அவளைக் காப்பாற்றப் பன்னிரண்டு வாய்ப்புகள் இருந்தன என்று லார்டு லேமிங் விசாரணை 2003இல் சொன்னது. அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. ஊர்தோறும் பல துறைகள் சேர்ந்த பாதுகாப்பு வாரியங்கள் அமைந்தன. ஆயினும் 2007இல், விக்டோரியா இறந்தபோது வசித்த அதே ஹேரிங்கே பகுதியில், அதிகாரிகளின் கண்காணிப்பில் இருந்த ஒரு கைக்குழந்தை சித்திரவதையால் இறந்தது. உறுப்பினர் கூட்டம் பெருத்த வாரியங்கள் போதிய பலன் தரவில்லை என்று 2016இல் ஒரு மறுஆய்வு சொன்னது. 2017 சட்டம் அவற்றைக் கலைத்துவிட்டு, உள்ளாட்சி, காவல், சுகாதாரம் ஆகிய மூன்று அமைப்புகளையும் பெயர் குறிப்பிட்டுக் கூட்டாகப் பொறுப்பாக்கியது. எல்லாரையும் உட்காரவைத்தால் போதாது, யார் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும் என்பதைக் கண்டுகொள்ள அவர்களுக்குப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. நாம் அந்த நீண்ட வழியில் போக வேண்டியதில்லை.

எனவே அரசிடம் நாம் கேட்பது இன்னொரு பெரிய குழுவை அல்ல. தமிழகத்தின் 388 ஊராட்சி ஒன்றியங்களிலும் ஒன்றியக் குழுவுக்குள்ளேயே ஆறேழு பேர் கொண்ட ஒரு செயற்குழுவை: கல்வி, மருத்துவம், குழந்தை வளர்ச்சித் திட்டம், சமூக நலம், காவல், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆகியவற்றிலிருந்து, முடிவெடுக்கும் அதிகாரமுள்ள அலுவலரே வர வேண்டும். தனக்குப் பதிலாக உதவியாளரை அனுப்பிவைக்கும் வழக்கம் இங்கே செல்லக்கூடாது. மாதம் ஒருமுறை கூட வேண்டும். பொருள்நிரலில் தலைப்புகள் வேண்டாம், குழந்தைகள் இருக்கட்டும்: இந்தப் பிள்ளை, இந்த ஊர், போன மாதம் யார் என்ன செய்வதாக ஒப்புக்கொண்டார், செய்தாரா?

இந்த வேலையைக் கூடுதல் பொறுப்பாக யார் தலையிலாவது கட்டினால் மூன்றாம் மாதமே நின்றுவிடும். ஒன்றியத்துக்கு ஒரு முழுநேர ஒருங்கிணைப்பாளர் அவசியம். மாவட்ட அலகுகளின் பணியாளர்கள் இன்று தொகுப்பூதியத்தில், ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்க்கிறார்கள். ஆண்டுதோறும் புதுப்பிப்புக்குக் காத்திருக்கும் ஒருவர் காவல் ஆய்வாளரைப் பார்த்து ‘ஏன் போகவில்லை’ என்று கேட்க முடியாது. பதவி நிரந்தரமாக இருக்க வேண்டும். குழு எடுத்த முடிவு நிறைவேறாவிட்டால் மாவட்ட ஆட்சியரின் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் அந்தத் துறை பதில் சொல்ல வேண்டும்.

பெயர் சொல்லிப் பேசுவதில் ஆபத்தும் உண்டு. இதை நாம் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நமது ஊர்களில் சாதியும் உறவும் எல்லாக் குழுக்களுக்குள்ளும் உட்கார்ந்திருக்கின்றன. பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளையின் விவரம் ஊர்க் குழுவில் பேசப்பட்டால் அன்று மாலையே டீக்கடைக்கு வந்துவிடும். குற்றம் செய்தவரின் மைத்துனர் அதே குழுவில் உறுப்பினராகவும் இருக்கலாம். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. அதனால்தான் பெயர்களைப் பேசும் இடம் ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி, ஒன்றிய அளவில், கையொப்பமிட்டு ரகசியம் காக்கும் அலுவலர்களிடம் இருக்க வேண்டும் என்கிறோம். ஊர்க் குழுவின் வேலை கண்ணில் பட்டதைச் சொல்வது. அங்கே குழந்தைகளின் பிரதிநிதிகளாக இருக்கும் பிள்ளைகளுக்கும் உண்மையாகவே பேச இடம் தர வேண்டும். எந்தத் தோழி ஏன் வரவில்லை என்பது ஆசிரியருக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஓர் அரசாணையும், ஒருங்கிணைப்பாளர்களுக்கான ஊதிய ஒதுக்கீடும் போதும். எட்டாம் வகுப்பை முடித்து ஒன்பதில் சேராதவர்கள், பத்தை முடித்துப் பதினொன்றில் சேராதவர்கள் யார் யார் என்பது பள்ளி திறந்த சில வாரங்களிலேயே கல்வித் துறையின் கணினியில் இருக்கும். ஜூலை மாதம் அந்தப் பட்டியலை ஒன்றியவாரியாகப் பிரித்துக் கொடுத்து, முதல் கூட்டங்களை அதை வைத்தே கூட்ட ஆட்சியர்களுக்கு அரசு உத்தரவிட வேண்டும்.